ஆங்கில ஆசிரியரின் இரு நம்பிக்கைகள்

ஆங்கில ஆசிரியரிடையே வேரூன்றிய ஐந்து நம்பிக்கைகளை, 1992இல் வெளிவந்த ‘மொழி ஏகாதிபத்தியம்’ என்னும் ஆங்கில நூலில் ராபர்ட் பிலிப்சன் பிழையெனச் சாடினார். உகாண்டாவின் மக்கரேரேயில் 1961இல் கூடிய மாநாட்டில் அவை உருப்பெற்றதாகக் காட்டுகிறார். அவற்றுள் இரண்டு: ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாகவே கற்பிக்கவேண்டும், அதைத் தாய்மொழியாக உடையவரே சிறந்த ஆசிரியர்.

அரபு மொழியின் வரலாறு இவ்விரண்டையும் மறுக்கிறது. அரபு இலக்கணத்தின் மூலநூலாகிய ‘அல்கிதாப்’பை யாத்த இமாம் சீபவைஹி பாரசீகர். நம் மதரஸாக்களில் அரபு நூல்களுக்குத் தமிழிலேயே விளக்கம் சொல்லப்பட்டது, ஆலிம்கள் உருவாகாமலில்லை.

ஆதிக்கத்தின் கட்டமைப்பை விளக்குமளவு பிலிப்சன் வகுப்பறையை விளக்கவில்லை. யாழ்ப்பாண வகுப்பறைகளை ஆராய்ந்த சுரேஷ் கனகராஜாவின் 1999ஆம் ஆண்டு நூல் அக்குறையை ஈடுசெய்கிறது: அங்கே ஆங்கிலப் பாடவேளையில் தமிழும் புழங்கியது. ஆங்கிலப் பாடத்தை ஏற்றுவரும் நம் அரபுக் கல்லூரிகள், வகுப்பிலிருந்து தமிழை விலக்குமுன் இவ்விரு நூல்களையும் பயிலவேண்டும்.