ஷாப்ளி முதல் ஜூரா வரை

திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய மிச்சமின்றித் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டால் அது ட்ரை ஒயின். ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை மிஞ்சலாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரைகூட. வெள்ளை ஒயினில் சிவப்பின் துவர்ப்பும் அநேகமாக இல்லை. இனிப்பும் துவர்ப்பும் விலகிய இடத்தில் குறையை மூடி மறைக்க வழியில்லை. பிரான்சின் வட்டாரங்களைச் சுவையால் பிரித்தறிய விரும்புகிறவர் இங்கிருந்து தொடங்குவதே முறை.

பர்கண்டியின் வடகோடியில், செரேன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஷாப்ளி. ஷாப்ளி ஒயினுக்கு ஷார்டனே திராட்சை ஒன்றுதான். சரிவுகளில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லைக் கையிலெடுத்தால், கமா வடிவில் வளைந்த பொடிச் சிப்பிகள் நெருக்கமாகப் பதிந்திருப்பது தெரியும். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. சிப்பியின் சுவையே ஒயினில் இறங்குகிறது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அதற்கு ஆதாரம் போதாது. குளிரும், நீர் தேங்காத மண்ணும் காத்துக்கொடுக்கிற கூரான புளிப்புதான் ஷாப்ளியின் உயிர்.

அதே குளிர்தான் பகையும். ஏப்ரலில் துளிர்விட்ட பிறகு உறைபனி இறங்கினால் விளைச்சல் பாழ். 2021இல் அதுதான் நடந்தது. இரவெல்லாம் கொடி வரிசைகளுக்கு இடையே மெழுகு வாளிகள் எரியும். சிலர் துளிர்மீது தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். உறையும் தண்ணீர் வெளிவிடும் வெப்பம், பனிக்கட்டிக்குள் சிக்கிய துளிரைக் காப்பாற்றிவிடும்.

நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, மெர்சோவிலும் அதே ஷார்டனேதான். பாணி மட்டும் முற்றிலும் வேறு. 228 லிட்டர் ஓக் பீப்பாயில், அடிவண்டலோடு மாதக்கணக்கில் கிடந்து வெண்ணெய் மணமும் வறுத்த கொட்டை மணமும் ஏறும். பக்கத்தில்தான் மோன்ராஷே: இரண்டு ஊர்கள் பங்குபோடும், சுமார் 8 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம்.

லுவாரில் சான்சேரின் சோவினியோன் பிளாங்க் பச்சிலை வாசம் கொண்டது. கடலோர நாந்த் பக்கம் 1709 கடுங்குளிரில் கொடிகள் அழிந்தபின் வேரூன்றிய மெலோன் திராட்சையிலிருந்து வருவது மஸ்கடே. சிப்பி உணவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை அரிது. போர்டோவின் பெஸாக்-லேயோஞான், சோவினியோனுக்குச் செமியோனைக் கலந்து கனம் சேர்க்கிறது.

அல்சாஸில் வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுகிறது. ரீஸ்லிங் நிதானமாகப் பழுக்கிறது. பாட்டிலைத் திறக்கும்வரை இனிப்பா இல்லையா என்று தெரியாத சங்கடம் அங்கே நெடுநாள் இருந்தது. 2021 அறுவடையிலிருந்து லேபிளில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம். தாமதமானாலும் நல்ல விதி.

இந்த ஊர்ப்பெயர்களுக்குச் சட்டக் காப்பு 1935இல் வந்தது. ஷாதோநெஃப்-டு-பாப்பின் வழக்கறிஞர் பாரன் லெ ருவா அதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவர். எல்லை, திராட்சை ரகம், ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதெல்லாம் எழுத்தில் வந்தன. 1936இல் முதலில் அங்கீகாரம் பெற்ற பெயர்களில் ஜூராவின் ஆர்புவாவும் ஒன்று.

ஜூராவின் வான் ஜோன் என்ற ஒயின் இந்த மரபிலேயே துணிச்சலானது. சவாஞான் திராட்சை ஒயினைப் பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறைந்தாலும் நிரப்பாமல் விடுகிறார்கள். மேலே ஈஸ்ட் ஆடையாகப் படர்கிறது. ஆறு ஆண்டுகள் தாண்டி, வால்நட்டும் மசாலாவும் மணக்கும் ஒயின் 62 சென்டிலிட்டர் பாட்டிலுக்குள் போகிறது. இதில் தலைசிறந்த பெயரான ஷாதோ-ஷாலோனில், அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைப் பார்வையிடும். விளைச்சல் தரமில்லை என்றால் அந்த ஆண்டு அந்தப் பெயரில் ஒயினே கிடையாது. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் ஊரே அப்படி ஒதுங்கி நின்றது.