மோன்சாவில் பட்டன் நம்பிய இறக்கை

2010 செப்டம்பர், மோன்சா, ஃபார்முலா 1 இத்தாலி கிராண்ட் பிரீ. மெக்லாரன் அணியின் இரண்டு கார்களிலும் பின்னிறக்கை மட்டும் வேறு வேறு. லூயிஸ் ஹாமில்டன் மோன்சா வழக்கப்படி தட்டையான இறக்கையோடு வந்தார். அந்த ஆண்டின் புதுமையான எஃப்-டக்ட் வேண்டாம் என்றுவிட்டார். ஜென்சன் பட்டன் நிமிர்ந்த இறக்கையையும் எஃப்-டக்டையும் வைத்துக்கொண்டார். தகுதிச் சுற்றில் பட்டன் இரண்டாமிடம், ஹாமில்டன் ஐந்தாமிடம். நேர்ப்பாதைகளுக்கே பேர்போன தடத்தில் இது எப்படி நடந்தது?

ரேஸ் கார் இறக்கை என்பது கவிழ்த்துப் போட்ட விமான இறக்கை. அதன் அடிப்பக்கத்தில் காற்று விரைந்தோடி அழுத்தம் சட்டென்று குறைகிறது. காரைத் தரையோடு அழுத்துவது அதுதான். சிக்கல் அதற்குப் பிறகு. பின்விளிம்பை நெருங்க நெருங்க அழுத்தம் மறுபடி ஏறியாக வேண்டும். பரப்பிலிருந்து விலகி ஓடும் காற்றுக்கு அது பெரிய விஷயமில்லை. பரப்பை ஒட்டிய மெல்லிய படலமோ, காற்றின் பிசுக்கால் ஏற்கெனவே வேகம் இழந்திருக்கிறது. மிதிக்கத் தெம்பில்லாத சைக்கிள்காரன் மேட்டில் திணறுவதைப் போல அது தயங்கி, நின்று, பின்னோக்கித் திரும்புகிறது. ஓட்டம் பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். லுட்விக் பிராண்டல் 1904லேயே விளக்கிய சங்கதி இது. இறக்கை எவ்வளவு நிமிர்கிறதோ அந்த மேடு அவ்வளவு செங்குத்து. அதனால்தான் இறக்கையை இரண்டு துண்டாக்கி நடுவே இடுக்கு விடுகிறார்கள். அதன் வழியே பாயும் புதுக்காற்று சோர்ந்த படலத்துக்குத் தெம்பூட்டும்.

எஃப்-டக்டில் மெக்லாரன் செய்த குறும்பு, அந்தப் பிரிதலை வேண்டுமென்றே வரவழைத்தது. ஓட்டுநர் முழங்காலால் ஒரு துளையை அடைத்தால், முன்புறம் உள்வாங்கிய காற்று குழாய் வழியே பின்னிறக்கையின் கீற்றுக்குப் போய், ஒட்டி ஓடும் படலத்தைக் கலைத்துவிடும். விமானத்தில் இப்படி நடந்தால் இழுவை கூடும். இந்தக் குட்டை இறக்கையில் கதை வேறு: அதன் இழுவையில் பெரும்பங்கு, கீழழுத்தம் உண்டாகும்போது முனைகளில் சுருளும் சுழிகளால் வருவது. கீழழுத்தம் போனால் அந்த இழுவையும் போய்விடும். மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் லாபம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

ஆக, பட்டனுக்கு லெஸ்மோ, அஸ்காரி, பாராபோலிகா வளைவுகளில் முழுப் பிடிப்பு. நேர்ப்பாதையில் ஓரளவு தள்ளுபடி. ஓரளவுதான். நிமிர்ந்த இறக்கை எவ்வளவு செயலிழந்தாலும் தட்டையான இறக்கைக்கு ஈடாகாது. ஆனாலும் பந்தயத்தில் நேர்ப்பாதைக்கு முன்னால் வருவது வளைவு. பட்டன் பாராபோலிகாவிலிருந்து சுத்தமாக வெளியேறிக்கொண்டே இருந்ததால், முதல் இடத்தில் புறப்பட்டுத் தொடக்கத்திலேயே அதைப் பறிகொடுத்த ஃபெராரி ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோவால் பிட் நிறுத்தம் வரை அவரைத் தாண்ட முடியவில்லை. ஹாமில்டனோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. முதல் சுற்றிலேயே ஃபெராரியின் மற்றொரு ஓட்டுநரான மாசாவின் காரில் உரசி அவர் வெளியேறிவிட்டார்.

பட்டன் 36ஆம் சுற்றில் பிட்டுக்கு வந்தார். அலோன்சோ ஒரு சுற்று கழித்து வந்து, மயிரிழையில் முன்னால் புகுந்து வென்றார். என்னைக் கேட்டால் பட்டனின் இறக்கைத் தேர்வில் குறையில்லை; சூடேறாத புது டயர்களோடு அவரை ஒரு சுற்று முன்னதாகவே அனுப்பிய கணக்கில்தான் வெற்றி கைநழுவியது.