தங்கம் சுறுசுறுப்பாகும் இடம்

தங்கம் கறுக்காது, துருப்பிடிக்காது, லேசில் எதோடும் சேராது. அந்தத் தங்கத்தைச் சில நானோமீட்டர் துகளாக்கி ஆக்சைடின் மேல் உட்காரவைத்தால், மைனஸ் 70 டிகிரிக் குளிரிலும் கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்த்து கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடுகிறது! ஜப்பானின் மசதாகே ஹருதா 1987இல் வெளியிட்ட இந்தச் சேதியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த வேலையைச் செய்யும் நிஜ வினையூக்கி ஒரு பொடி. அதில் எந்த அணு வேலை செய்கிறதென்று பார்ப்பது மிகக் கடினம். அதனால் பரப்புகளை ஆராயும் நாங்கள் மாதிரி ஒன்றைக் கட்டுகிறோம்: பளபளவென்று வெட்டிய டைட்டானியம் டைஆக்சைடு படிகம், அதன்மேல் ஆவியாக்கித் தூவிய தங்கம், சுற்றிலும் காற்றழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத வெற்றிடம்.

அந்தப் படிகத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. கண்ணாடிபோல நிறமற்றிருக்கும், மின்சாரம் பாயாது. மின்சாரம் பாயாவிட்டால், ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே ஊடுருவும் எலக்ட்ரான்களை வைத்துப் படம் வரையும் எஸ்.டி.எம். நுண்ணோக்கிக்கு எதுவும் தெரியாது. வெற்றிடத்தில் சூடாக்குங்கள்: கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து நீலமாகிறது, குறைகடத்தியாகிறது. எவ்வளவு அழகான நீலம்! பிறகு திரையில் 0.65 நானோமீட்டர் இடைவெளியில் வரிவரியாக அணுக்கள். உயரமாக நிற்பவை ஆக்சிஜன் வரிசைகள். ஆனால் ஒளிர்வதோ தாழ்வாக இருக்கும் டைட்டானியம். நுண்ணோக்கி உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, எலக்ட்ரானுக்கு எங்கே இடமிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. அந்த வரிகளின்மேல், படிவிளிம்புகளை நாடிப் பொட்டுப்பொட்டாகத் தங்கம்!

டெக்சாஸில் குட்மன் ஆய்வுக் குழு 1998இல் இப்படிப்பட்ட பரப்பில்தான் துகளின் அளவையும் வினையின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. சுமார் 3 நானோமீட்டர் அகலம், இரண்டு அணு உயரம்: வேகம் உச்சம். மின்சாரம் பாயாத ஆக்சைடைப் பார்க்க, பெர்லினில் ஃப்ராய்ண்ட் ஆய்வுக் குழு வேறு வழி கண்டது: நிக்கல்-அலுமினியப் படிகத்தின்மேல் அரை நானோமீட்டர் அலுமினா படலம். அலுமினா மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இவ்வளவு மெல்லிய படலத்தை எலக்ட்ரான் ஊடுருவிவிடும். அபாரமான யோசனை.

தங்கத்தின் வேகத்துக்கான சூட்சுமம் அந்த இரண்டு அணு அடுக்கிலா, தங்கம் ஆக்சைடைத் தொடும் விளிம்பிலா? என் ஓட்டு விளிம்புக்கு. தனித் தங்கம் ஆக்சிஜனை லேசில் பிடிக்காது. விளிம்பில் டைட்டானியம் கைகொடுக்கிறது, கார்பன் மோனாக்சைடோ பக்கத்துத் தங்கத்திலேயே இருக்கிறது. அதே அளவு தங்கத்தில் துகள் சிறுக்கச் சிறுக்க மொத்த விளிம்பும் நீள்கிறது. அப்படியானால் 3 நானோமீட்டருக்குக் கீழே வேகம் ஏன் குறைகிறது என்று இரண்டடுக்குக் கட்சிக்காரர்கள் கேட்பார்கள். வலுவான கேள்விதான். அடுத்து இன்னும் சின்னத் துகள்களைத் தூவிப் பார்க்க எனக்குக் கை பரபரக்கிறது.