புலப்படம்

நகரமைப்போ நிலத்தொழிலோ பழக வரும் பிள்ளைகள் கையில் முதலில் தரவேண்டியது எஃப்.எம்.பி. எனும் புலப்படம். கோணல்மாணலான வயலை முக்கோணங்களாக வகுத்து, அந்தக் கோடுகளிலிருந்து வரப்பின் ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்துத் தூரம் குறித்திருக்கும். கோணம் அளக்கவே வேண்டாம்; சங்கிலி போதும். பழைய சங்கிலிக்கு 66 அடி, 100 கண்ணி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதில் நூற்றிலொன்று சென்ட், 435.6 சதுர அடி. என்ன நறுவிசான கணக்கு! மீட்டர் வந்து இத்தனை காலமாகியும் பெரியகுளத்தில் மாந்தோப்பை ஏக்கரிலும் மனையைச் சென்ட்டிலும்தான் பேசுகிறார்கள். தோப்பை மனையாக்கும் லேஅவுட்டுக்கும் (அது தனி வருத்தம்) அடிப்படை இந்தத் தாள்தான். மனை வாங்குகிறவர்களே, வண்ண நோட்டீஸை நம்பாதீர்கள். அரசின் இணையதளத்திலேயே புலப்படம் கிடைக்கிறது. எடுத்துக்கொண்டு போய் எல்லைக்கல்லைப் பாருங்கள்.