நம்பாதவரின் பேய் வேட்டை

ஜேசன் ஹாஸும் கிராண்ட் வில்சனும் அன்று பகலில் பிளம்பர்களாக இருந்தார்கள். இரவானால் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பகுதியிலும் அதற்கு அப்பாலும், பேய் நடமாட்டம் உண்டென்று சொல்லப்படும் கட்டடங்களுக்குக் கருவிகளோடு போய்விடுவார்கள். 2004இல் இந்த இருவரையும் வைத்துத் தொடங்கிய ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி பல ஆண்டுகள் ஓடியது. அதன்பின் வந்த எத்தனையோ பேய் வேட்டை நிகழ்ச்சிகள் அதன் அச்சில்தான் வார்க்கப்பட்டன. பேய் உண்டு என்று நான் நம்பவில்லை. ஆனாலும் இந்த நிகழ்ச்சிகளை ஆசையோடு பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் மனம் உறுத்துகிறது. ஆசைக்கும் நியாயம் இருக்கிறது, உறுத்தலுக்கும் இருக்கிறது என்பதே என் கட்சி.

ஆசைக்குக் காரணம் அந்தப் பிளம்பர் மூளை. இரவில் சுவருக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னால், இவர்கள் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடுவார்கள். திறந்த குழாயைச் சட்டென்று மூடினால் ஓடிவந்த நீர் முட்டி, குழாய் அதிர்ந்து சத்தம் போடும். அது அவர்கள் தொழிலில் அன்றாடம் காண்பது. கதவு தானாகத் திறந்தால் நிலை சாய்ந்திருக்கிறதா, எங்கிருந்தாவது காற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். புகைப்படத்தில் மிதக்கும் ஒளி உருண்டைகளை ஆவி என்று கொண்டாடுகிறவர்கள் ஏராளம். லென்ஸை ஒட்டிப் பறக்கும் தூசி ஃபிளாஷ் வெளிச்சத்தில் பெரிதாகத் தெரிகிறது என்று இவர்கள் அதைத் தள்ளிவிடுவார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் தரையில் மண்டியிட்டு, ‘இதற்கு வேறு காரணம் இருக்குமா?’ என்று தேடுவதை வேறு எங்கே பார்க்கிறோம்? அவர்களுக்கு முன்பே காரணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு போட்டி எழுகிறது. அந்த இன்பம் கலப்படமற்றது.

இந்த வழியில் போனால் உண்மையான கண்டுபிடிப்பும் கிடைக்கும். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பொறியாளர் விக் டான்டி, கடைக்கண்ணில் ஒரு சாம்பல்நிற உருவத்தைக் கண்டு நடுங்கினார். பிறகு பட்டறைப் பிடியில் இறுக்கி வைத்திருந்த வாள் தகடு தானாகத் துடிப்பதைக் கவனித்தார். புதிதாகப் பொருத்திய காற்றாடி ஒன்று காதுக்கு எட்டாத, சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை அறைக்குள் கிளப்பிக்கொண்டிருந்தது. 1998இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அந்த அதிர்வு கண்ணை ஏமாற்றி உருவம் காட்டும் என்ற அவர் விளக்கம் இன்றுவரை உறுதிப்படவில்லை. ஆனால் பயந்த மனிதர் ஓடிப்போகாமல் காரணத்தைத் தேடினாரே, அதுதான் விசாரணை.

நிகழ்ச்சி கெட்டுப்போவது விளக்கை அணைத்த பிறகு. வீட்டுக்காரர் பட்டப்பகலில் உருவத்தைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தாலும் சோதனை மட்டும் கும்மிருட்டில்தான் நடக்கும். இருட்டில் கண் தடுமாறும், காது கூர்மையாகும், உடன் இருப்பவரின் பயம் தொற்றிக்கொள்ளும். ‘கே-2’ என்ற மின்காந்த அளவி கையில் மினுக்குகிறது. அருகிலுள்ள செல்போனுக்கும் வாக்கி-டாக்கிக்கும்கூட அந்தக் கருவி மினுக்கும்; படப்பிடிப்புக் குழுவிடமோ அவை இல்லாமல் இருக்காது.

இவற்றைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஒலிப்பதிவுதான். 1959இல் சுவீடனில் ஃபிரீட்ரிக் யூர்கென்சன் பறவைக் குரல்களைப் பதிவுசெய்த நாடாவில் மனிதக் குரல்கள் கேட்டதாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து கான்ஸ்டன்டின் ரௌடிவ் அப்படிப்பட்ட பதிவுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். இன்றைய நிகழ்ச்சிகள் அத்தனையும் அந்த வழியில் வந்தவை. காலி அறையில் கேள்வி கேட்டு ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிடுவார்கள். பிறகு இரைச்சலுக்குள் ஒரு முணுமுணுப்பைக் கண்டெடுத்து, திரையில் ‘வெளியே போ’ என்று எழுத்து போட்டு, மூன்று முறை ஒலிபரப்புவார்கள். எழுத்தைப் படித்த பிறகு காதுக்கு வேறு எதுவும் கேட்காது. நம்பாத எனக்கும் கேட்கிறது. திரையின் கீழ்ப்பகுதியைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: வெறும் சரசரப்பு. குறைந்தபட்ச நேர்மை இருந்தால், பதிவை அந்த இடத்தின் கதையே தெரியாத நாலு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, என்ன கேட்டது என்று எழுதித் தரச் சொல்லலாம். செலவில்லாத சோதனை. ஆனால் அந்தக் காட்சி நிகழ்ச்சியின் முதுகெலும்பு. அதை யாரும் அப்படிச் சோதிக்கத் துணிவதில்லை.

ஒப்பீடு இல்லாததும் அதே ரகக் குறை. கதை எதுவும் ஒட்டாத புது அடுக்குமாடி வீட்டில் இதே கருவிகளோடு ஓர் இரவு தங்கியிருந்தால், அங்கேயும் மீட்டர் மினுக்கியிருக்கும், அங்கேயும் முணுமுணுப்பு பதிவாகியிருக்கும். எதுவும் கிடைக்காத இரவிலும் ‘இன்று அமைதியாக இருக்கிறது’ என்றுதான் முடிக்கிறார்கள். எந்தப் பதிலாலும் தோற்காத கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது சோதனை ஆகாது.

பிரிட்டனின் ‘மோஸ்ட் ஹான்டட்’ நிகழ்ச்சி இன்னும் ஒரு படி இறங்கியது. அதில் பங்கேற்ற பரா உளவியலாளர் கியரன் ஓ’கீஃப், இல்லாத ஒரு சிறைக்காவலரின் பெயரைக் கற்பனை செய்து பரவவிட்டார். ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் ‘டெரெக் ஏமாற்றுக்காரர்’ என்று வரும் பெயர் அது. அந்தக் ‘காவலரின்’ ஆவி நிகழ்ச்சியின் ஆவிப் பேச்சாளர் டெரெக் அகோராவின் மேல் இறங்கிப் பேசியது என்று 2005இல் அவர் வெளிப்படுத்தினார். அதே ஆண்டு ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், அது பொழுதுபோக்கு நிகழ்ச்சி, முறையான விசாரணை அல்ல என்று தீர்ப்பளித்து, விதிமீறல் இல்லை என்று விட்டுவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. விசாரணையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறவரிடம் விசாரணைக்கு உரிய நேர்மையைக் கேட்க வேண்டும்.

இறந்தவர்கள் பக்கமும் ஒரு வழக்கு இருக்கிறது. பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829இல் திறந்து 1971இல் மூடப்பட்டது. தொடக்க காலத்தில் கைதிகள் தனித்தனி அறைகளில் மற்ற கைதிகளின் முகம் காணாமல் அடைக்கப்பட்டார்கள். வெளியே அழைத்துவரும்போது தலையை மூடினார்கள். 1842இல் அங்கே போன சார்லஸ் டிக்கன்ஸ் அந்தக் கொடுமையைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பேய் வேட்டைக் குழுக்கள் திரும்பத் திரும்பப் போகும் இடம் அது. நிகழ்ச்சிகளில் அந்த வரலாறு ஓரிரு நிமிடம் வரும். மிச்ச நேரமெல்லாம், துன்புறுத்தப்பட்டவர்கள் நம்மைத் துன்புறுத்துகிறவர்களாக மாறிப்போகிறார்கள். ஆனால் மேற்கூரை இடிந்த அந்த நீண்ட தாழ்வாரங்களை நான் முதலில் பார்த்ததும் இவர்களின் கேமரா வழியாகத்தான். அதற்கு நன்றி உண்டு.

குடும்பங்கள் வாழும் வீடுகளுக்குள் கேமரா நுழையும்போது மட்டும் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. 1921இல் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர்கள் வீட்டில் காலடி ஓசை, விசித்திர உருவங்கள், தலைவலி, சோர்வு. வளர்த்த செடிகளும் வாடின. பழுதான சூடேற்றும் உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்ததே காரணம். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரவு பத்து மணிக்கு மீட்டரோடு போய் ஆவியோடு பேசுகிறவர் அந்தக் குடும்பத்தின் உயிரோடு விளையாடுகிறார்.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் வேறு மாதிரி வேலை செய்தார். தாவரவியல் ஆசிரியரான அவர் யாழ்ப்பாணத்திலும் கற்பித்தவர். கல் விழுகிறது, துணி தீப்பிடிக்கிறது என்று அழைப்பு வந்தால், வீட்டில் இருப்பவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார். பல நேரங்களில், சொல்ல வழியில்லாத துயரத்தோடு ஒருவர் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பார். கல்லை எறிந்த கையும் அவருடையதாக இருக்கும். கோவூரின் அக்கறை அதன்பின் அந்த மனிதரைப் பற்றியது. தொலைக்காட்சிக் குழுவோ ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று குழந்தையின் காதுபடச் சொல்லிவிட்டு வண்டியேறுகிறது. அந்தக் குழந்தை அன்றிரவும் அதே அறையில்தான் படுக்க வேண்டும். ஆகவே சிறைகளையும் கலங்கரை விளக்கங்களையும் இன்னும் பார்க்கிறேன். குழந்தைகள் இருக்கும் வீடு என்று தெரிந்தால் நிறுத்திவிடுகிறேன்.