தொண்ணூற்றேழாயிரம் என்னும் எண்: எரிந்த நூலகமும் வட்டார வரலாறும்

யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றி எதைப் படித்தாலும் முதல் பத்தியிலேயே 97,000 என்ற எண் வந்து நின்றுவிடுகிறது. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் நூலகம் எரிக்கப்பட்டது. கொளுத்தியவர்களில் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்தது. அரசின் அமைச்சர்கள் இருவர் அப்போது நகரில்தான் இருந்தார்கள். இதில் எதையும் நான் சந்தேகிக்கவில்லை. எனக்கு உறுத்துவது அந்த எண். ஷேக்ஸ்பியர் தொகுதி ஒன்று, ஏதோ ஒரு கிராமத்து வாசிகசாலையின் ஆண்டு மலர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் இரண்டுமே ஒவ்வொரு பிரதிதான். முதலாவதை எந்த ஊர்க் கடையிலும் திரும்ப வாங்கிவிடலாம். இரண்டாவது போனால் போனதுதான். எண் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு இதில் பழக்கமான ஒரு துறை தெரிகிறது: கையறுநிலை. வள்ளல் இறந்தான், இனி யார் இருக்கிறார்கள் என்று புலம்புவது. நூலக எரிப்பு பற்றி நாம் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்தத் துறையில் அடங்கும். நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ அதிலிருந்து விலகி நிற்கிறது, ஏனென்றால் அது இழப்பைப் பாடுவதோடு நில்லாமல் கொன்றவனின் கடவுளையே பிணமாக்கிக் காட்டுகிறது. மற்றபடி புலம்பலுக்குப் பெருமைமிக்க பிணம் வேண்டும். அதனால்தான் ஆனந்த குமாரசுவாமியின் சேகரம், ஏட்டுச்சுவடிகள், யாழ்ப்பாண வைபவமாலை என்று பட்டியல் எப்போதும் மேலிருந்து தொடங்குகிறது.

வைபவமாலையையே எடுத்துக்கொள்வோம். ‘எரிந்துபோன ஒரே பிரதி’ என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எரிந்தது ஒரு சுவடி. நூல் எரியவில்லை. பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1879 இலேயே அச்சாகிவிட்டது; பிறகு குல. சபாநாதன் பதிப்பும் வந்தது. ஒல்லாந்து அதிகாரி கேட்டு மயில்வாகனப் புலவர் எழுதிக் கொடுத்த வரலாறு அது. அதிகாரி கேட்ட வரலாறு எப்படியோ பல பிரதிகளாகப் பிழைத்துக்கொள்ளும். ஆவணக் காப்பகம் என்பதற்கான கிரேக்கச் சொல்லின் வேர் அதிகாரியின் வீடு என்பதைத் தெரிதா தோண்டி எடுத்துக் காட்டியது சும்மா இல்லை. யாரும் கேட்காத வரலாறுதான் ஒரே பிரதியாக இருந்து சாகிறது.

மீட்பு பற்றிக் கொஞ்சம் பேசலாம். 2021 ஏப்ரல் 18 அன்று கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலகத்தில் காட்டுத்தீ புகுந்தது. வாசிப்பறை கூரையோடு போனது. ஆப்பிரிக்கவியல் அச்சு நூல்களில் சுமார் 70,000 போயின. ஆனால் தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் கீழ்த்தளத்துச் சேகரங்கள் பிழைத்தன. பிழைத்தவற்றைத் தீயணைத்த தண்ணீர் நனைத்தது. இது எல்லா நூலகத் தீயிலும் நடப்பதுதான்: நெருப்பு தொடாததைத் தண்ணீர் தொடும். நனைந்த தாளில் இரண்டு நாளில் பூஞ்சை வரத் தொடங்கிவிடும். வழுவழுப்பான தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிடும். பிரிக்கப் போனால் கிழியும். அதனால் திறக்காமல் அப்படியே உறையவைத்துவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில், பனிக்கட்டி நீராக உருகாமல் நேரே ஆவியாகும்படி வெற்றிடத்தில் உலர்த்துகிறார்கள். தன்னார்வலர்கள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் பெட்டிகளைக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இந்த மீட்பு நூல்கள், கையேடுகள் எல்லாவற்றிலும் சொல்லாமல் விட்ட ஓர் அனுமானம் இருக்கிறது: தீயணைப்பு வண்டி வரும், போலீஸ் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும், அரசு நம் பக்கம் இருக்கும். யாழ்ப்பாணத்தில் காவல் காக்க வேண்டியவனே தீக்குச்சி உரசினான். எந்தக் கையேட்டிலும் அதற்கு அத்தியாயம் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில் மீட்பு கட்டடத்துக்கு வெளியேதான் தொடங்க முடியும். 1992 மே மாதம் சரயேவோவின் கீழைத்தேயவியல் நிறுவனம் குண்டுவீச்சில் எரிந்தது; ஆகஸ்டில் தேசிய நூலகம். அதன்பின் வெளிநாட்டு ஆய்வாளர்கள் சிலர் ஒரு வேலை செய்தார்கள். முன்பு அங்கே போய்ப் படித்தவர்கள் எடுத்துவந்த மைக்ரோபிலிம், ஜெராக்ஸ், கையெழுத்துக் குறிப்பு ஆகியவற்றைத் தேடித் திரட்டினார்கள். எரிந்த சுவடியின் நிழல் எவனோ ஒருவனுடைய மேசை அறையில் கிடந்தது. இந்த யோசனை நம்மிடம் ஏன் போதுமான அளவு வரவில்லை? 1981 க்கு முன்பு யாழ். நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய நோட்டுப் புத்தகங்கள் எங்கே? ஓர் அடிக்குறிப்பு, அது சுட்டும் நூல் எரிந்த பிறகு, அந்த நூலின் கடைசி உடலாகிவிடுகிறது. நமது புலமையாளர்கள் அடிக்குறிப்பை அலட்சியமாக எழுதுகிறவர்கள் (நானும்தான்) என்பது இந்த இடத்தில் வெறும் முறையியல் குறைபாடு அல்ல.

இந்தப் பக்கம் உருப்படியாக நடந்தது என்றால் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம முயற்சிதான். அதில் எனக்குப் பிடித்தது இலக்கிய நூல்கள் அல்ல, கல்வெட்டுகள். தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்ல வேண்டும்: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது மட்டுமில்லை. ஒருவர் செத்து 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது கொடுக்கிற நினைவு மலருக்கும் அதுதான் பேர். திதி வெண்பா, தேவாரம், வம்சாவளி, யார் யாருக்கு மாப்பிள்ளை, மலாயாவில் என்ன உத்தியோகம் பார்த்தார், எந்தக் கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டினார், எல்லாம் இருக்கும். ஊர் வரலாற்றுக்கு இதைவிட நெருக்கமான பிரதி வேறில்லை. வீட்டு அலமாரிகளிலிருந்து அவை வந்துகொண்டிருக்கின்றன.

இங்கேதான் சிக்கல். அலமாரி யார் வீட்டில் இருந்தது? கல்வெட்டு அச்சடிக்கக் காசும், அதில் போட வம்சாவளியும் யாரிடம் இருந்தன? 1966 அக்டோபர் 21 சுன்னாகம் ஊர்வலத்தில் அடிவாங்கியவர்கள், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்கள், இவர்கள் வீடுகளிலிருந்து எத்தனை கல்வெட்டு கிடைக்கும்? அவர்கள் ஊர் வரலாறு துண்டுப் பிரசுரத்திலும் சுவரொட்டியிலும் இருந்தது. சுவரொட்டியை மழையே அழித்துவிடும், போலீஸ் வேண்டாம். டானியல் நாவலாக எழுதி வைத்ததால் ஒரு பகுதி தப்பியது. எரிந்த சேகரத்தை வீடுகளிலிருந்து திரட்டி நிரப்புவது என்றால், கவனமில்லாத பட்சத்தில், எரிவதற்கு முன்பிருந்த சாதிப் படிநிலையையும் சேர்த்தே மீட்டுவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரக் கெடுவில் வெளியேற்றினார்கள். சோனகதெரு வீடுகளில் இருந்த உறுதிகள், திருமணப் பதிவுகள், பள்ளிவாசல் மலர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் என்னவாயின? அதுவும் யாழ்ப்பாணத்தின் வட்டார வரலாற்றுச் சேகரம்தானே. அங்கே தீ இல்லை, புகைப்படம் இல்லை, எண்ணும் இல்லை. 97,000 ஐ மனப்பாடமாகச் சொல்கிற நம் மேடைகளில் இதைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்டிருக்கிறீர்களா? நூலக எரிப்பு ஒரு பெருங்கதையாடலாக மாறும்போது இன்னொருவருடைய அலமாரி அதன் நிழலில் மறைந்துபோகிறது. அரசின் குற்றத்தை இது எந்த விதத்திலும் குறைக்காது. துக்கத்தின் எல்லையை யார் வரைகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

1998 இல் மறுகட்டுமானம் தொடங்கியபோது எரிந்த சுவரை அப்படியே சாட்சியாக விட வேண்டும் என்ற குரல் எழுந்தது. வெள்ளையடித்தால் தடயம் போய்விடும் என்றார்கள். 2003 பிப்ரவரித் திறப்பு விழாவும் நின்றுபோனது. விவாதம் முழுக்க கட்டடத்தைச் சுற்றியே நடந்தது. அலமாரிக்குள் என்ன வைப்பது என்பது அதில் பெரிதாக அடிபடவில்லை. எனக்குச் சுவரைப் பற்றி உறுதியான கருத்து கிடையாது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பேச எனக்கு என்ன அருகதை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டதை உ.வே.சா. எழுதியிருக்கிறார். பக்தியோடு எரித்தோம். நான் படித்த கல்லூரியில் ‘பாடத்துக்குப் பயன்படாதவை’ என்று ஒரு நாள் ஊர் மலர்கள், சங்கத் துண்டறிக்கைகள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வெளியே வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, “எடைக்குப் போட்டாச்சு தம்பி, ஆள் வந்திட்டிருக்கான்” என்றார் உதவியாளர். சாக்கில் கை விட்டு எடுக்க முடிந்தது நாலைந்துதான். அதில் ஒன்று தீப்பெட்டித் தொழிலாளர் மாநாட்டு அறிக்கை. அட்டை இல்லை, ஆண்டும் இல்லை. கோட்டையூரில் சைன்போர்டு எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் கூட விடாமல் சேர்த்தார். அவர் 1992 இல் இறந்த பின் அந்தச் சேகரத்தைக் காப்பாற்ற சிகாகோ பல்கலைக்கழகம் வரவேண்டியிருந்தது. நாம் இங்கே உலகத் தமிழ் மாநாட்டு மலர்களைப் பத்திரமாக வைத்திருந்தோம்.

இந்தக் கட்டுரைக்காக இதே பத்திரிகையின் முதல் இதழைத் தேடினேன். என்னிடம் இல்லை. ஆசிரியரிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை. திருநெல்வேலியில் ஒருத்தர் வைத்திருக்கலாம், ஆனா வீடு மாத்திட்டார் என்றார்.