வேகலையா, பதமா?

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி போகிற வழியில், சி.டி.எச். சாலை மேலேயே ஒரு உணவகம். இத்தாலிய சமையலையும் நம்ம ஊர்ச் சமையலையும் கலந்து தர்றோம் என்று போர்டிலேயே எழுதியிருக்காங்க. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு தடவை சாப்பிட்டதை வைத்து ஒரு கடையைத் தூக்கி வைக்கவும் கூடாது, கவிழ்க்கவும் கூடாது. அங்கே கிளம்பிய ஒரு கேள்விதான் இந்தப் பதிவு.

அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். மூன்று தட்டு வாங்கினோம். செட்டிநாட்டுச் சிக்கன் பென்னே, பொங்கல் ரிசோட்டோ, நல்லெண்ணெய்ப் பூண்டு ஸ்பகெட்டி.

முதலில் வந்தது பென்னே. அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, "இது வேகலையேப்பா" என்றார். பரிமாறிய தம்பி மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "இல்லம்மா, இத அப்படித்தான் சாப்பிடணும். அல் டென்டேன்னு சொல்வாங்க." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாதித் தட்டை ஒதுக்கி வைத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில், "எனக்குத்தான் இதெல்லாம் சாப்பிடத் தெரியலபோல" என்றார்.

நாற்பது வருஷம் சமைத்தவர், சாப்பிடத் தெரியலை என்று சொல்லிவிட்டார். அதுதான் உறுத்துது. தப்பு அவருடையதா, தட்டுடையதா?

அல் டென்டே என்றால் 'பல்லுக்கு' என்று அர்த்தம். கடிக்கும்போது பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கணும். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் கோதுமை ரவையில்தான் செய்யணும் என்று 1967-ல் சட்டமே போட்டாங்க. அந்தக் கோதுமையின் புரதம் வலை மாதிரி மாவுச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கொதிநீரில் வெந்தும் பாஸ்தா குழையாமல் நிற்குது.

நம்மிடமும் இதற்கு ஒரு சொல் இருக்கு: பதம். பிரியாணிக்கு உதிரி, பொங்கலுக்குக் குழைவு, பாகுக்குக் கம்பிப் பதம். சேமியா உப்புமா குழைந்துவிட்டால் எங்க வீட்டில் அன்றைக்குச் சண்டைதான். அதற்காகத்தான் சேமியாவை முதலில் வறுக்கிறோம், தண்ணீரை அளந்து ஊற்றுகிறோம். ஆக, அம்மாவுக்கு அல் டென்டே தெரியாது என்பது பொய். பேர் தெரியாது, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் பென்னே பிடிக்கவில்லை? யோசித்துப் பார்த்தால் விஷயம் பாஸ்தாவில் இல்லை, மேலே ஊற்றியதில் இருக்கு.

நம்ம குழம்பெல்லாம் உறிஞ்சுகிற பண்டத்துக்காகப் பிறந்தது. சோறு, இடியாப்பம், பிய்த்துப் போட்ட பரோட்டா எல்லாமே குழம்பை உள்ளே இழுத்துக்கும். பாஸ்தா அப்படி உறிஞ்சாது. அதன் மேல் சாஸ் பூசி நிற்கணும். இத்தாலிய சமையல்காரர்கள் பாஸ்தாவைக் கடைசி ஓரிரு நிமிஷம் சாஸ் இருக்கிற சட்டியிலேயே போட்டு, வேக வைத்த தண்ணீரில் கொஞ்சம் விட்டுப் புரட்டுவாங்க. தண்ணீரில் இறங்கிய மாவுச்சத்துதான் எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்குது.

இந்தக் கடையில் பென்னேயை முன்கூட்டியே வேக வைத்து, மசாலாவை மேலே ஊற்றின மாதிரி இருந்தது. சாஸ் தட்டில் தேங்கி நிற்குது, பென்னே வெறும் பென்னேவாக வாயில் வருது. செட்டிநாட்டு மசாலா என்றதும் அதை உறிஞ்சின ஒரு கவளத்தை நாக்கு எதிர்பார்க்கும். அது கிடைக்கவில்லை. 'வேகலை' என்று அம்மா சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு நிறைய க்ரீம். பால் புரதம் மிளகாயின் காரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரிந்த விஷயம். எண்ணெய் பிரிய வதக்கி எழுப்பவேண்டிய கல்பாசி வாசம் அந்த வெள்ளைக்குள் அமுங்கிப்போச்சு.

நல்லெண்ணெய் ஸ்பகெட்டி நேர் எதிர். மெனுவில் ஒரு ஓரத்தில், படம்கூட இல்லாமல் இருந்த அயிட்டம். நேப்பிள்ஸ் பக்கத்து ஆலியோ இ ஓலியோவில் ஆலிவ் எண்ணெய், பூண்டு, காய்ந்த மிளகாய். இங்கே ஆலிவுக்குப் பதில் நல்லெண்ணெய், கூடக் கறிவேப்பிலை. யோசித்தால் இது தாளிப்புதான்! எலுமிச்சை சேவையில் நாம் செய்வதும் இதே வேலை: இழை மேல் மணக்கிற எண்ணெயைப் பூசுவது. இதுவும் அதே விறைப்போடுதான் வெந்திருந்தது. அம்மா 'வேகலை' என்று சொல்லவில்லை, தட்டைக் காலி பண்ணினார்.

பொங்கல் ரிசோட்டோ நடுவில் நிற்குது. ரிசோட்டோவில் அரிசியைக் கொழுப்பில் வறுத்து, சூடான சாறைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறி, கடைசியில் வெண்ணெயும் சீஸும் சேர்ப்பாங்க. நம்ம பொங்கலிலும் மாவுச்சத்தைக் குழைய விட்டு நெய்யில்தான் முடிக்கிறோம். உறவு உண்மையானது, ருசியும் குறையில்லை. பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு, மேலே துருவின சீஸ். ஆனால் அம்மா கேட்டார்: "இது பொங்கல்தானே? சீஸுக்கா இவ்வளவு காசு?" எனக்கும் பதில் தெரியவில்லை. பொங்கலை ரிசோட்டோ என்றால் விலை கூடுது. ரிசோட்டோவைப் பொங்கல் என்று சொல்லி யாரும் விற்கக் காணோம்.

என் குறை இங்கேதான். கலவை என்று சொல்லிவிட்டு, பதத்தை மட்டும் இத்தாலிக்காரர்தான் சொல்லணும், நம்ம பங்கு மசாலா தூவுவது என்றால் அது கலவையா? பாஸ்தா போன மற்ற ஊர்களில் அப்படி நடக்கவில்லை. தெற்குச் சோமாலியா இத்தாலியின் காலனியாக இருந்தது. அங்கே பாஸ்தாவுக்குப் பேர் பாஸ்தோ. சீரகம், மல்லி, ஏலம் சேர்ந்த ஹவாஷ் பொடி போட்ட இறைச்சிச் சாஸ், பக்கத்தில் வாழைப்பழம். ஜப்பானின் 'நாபோலிதான்' இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யோகோஹாமா ஹோட்டல் ஒன்றில் பிறந்ததாகச் சொல்வாங்க. கெச்சப் சேர்த்த ஸ்பகெட்டி. பழைய காபிக் கடைகளில் அதை வேண்டுமென்றே நன்றாகக் குழைய வேக வைப்பாங்க. இத்தாலிக்காரர் முகம் சுளிக்கலாம். சாப்பிடுகிறவர் ஜப்பானியர், பதமும் அவருடையது.

ஆவடி, அம்பத்தூருக்கு இது புரியாத சங்கதி இல்லை. டிஐ சைக்கிள் 1949-லிருந்து, டாங்கித் தொழிற்சாலை 1960-களிலிருந்து, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் குடியேறின பகுதி. அவரவர் சாப்பாடும் கூட வந்து, பக்கத்து வீட்டுக்குப் போய், கொஞ்சம் மாறி நின்றது. யாரும் யாருக்கும் 'இப்படித்தான் சாப்பிடணும்' என்று பாடம் எடுத்து அது நடக்கவில்லை.

அந்தத் தம்பி மேல் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அது. 'இன்னும் ரெண்டு நிமிஷம் வேக வச்சுத் தரட்டுமாம்மா?' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். பென்னேயை விட்டுவிட்டு அந்தச் சிக்கன் மசாலாவை, க்ரீம் இல்லாமல், இடியாப்பத்தோடு வைத்தால் இன்னும் நல்லது.

திரும்பப் போவேன், நல்லெண்ணெய் ஸ்பகெட்டிக்காக. அம்மாவிடமும் சொல்லியிருக்கேன். "வேகலைன்னா திருப்பி அனுப்பிடலாமா?" என்று கேட்டார். அனுப்பலாம்மா என்றேன்.